முதல் சொம்பு

அந்தம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது, ஒரு கிழவர் அந்தம்மாவின் தலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பட்டப்பகல். குளியல் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. கிழவர் இடுப்பில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனவர். நல்ல கையில் சொம்பு. எதிரே தரையில், கட்டிய சேலையோடு, தலையைக் குனிந்து கொடுத்தபடி அந்தம்மா. கிழவரின் கை வெடவெடவென்று ஆடியது. பாதித் தண்ணீர் தரையில் விழுந்தது, பாதி தலையில் விழுந்தது. சொம்பு காலியானதும் அந்தம்மா முகத்தை வழித்துவிட்டு எழுந்தார்.

"ஆச்சுங்க சாமி. இனி என்ற முறை" என்று சொல்லி, அதே சொம்பை வாங்கி அண்டாவில் முக்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லாரியில் கல்கத்தா வரைக்கும் போய்வந்தவன் நான். வழியில் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் தலை நரைத்த ஒரு பொம்பளை, யாரோ ஒரு கிழவரிடம் தலையைக் கொடுத்து நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. கூட வந்த முதியோர் இல்லத்துச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அது அப்படித்தான் சார். கேட்காதீங்க" என்றார்.

கேட்காமல் இருக்கிற ஆள் நானில்லை. நான் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடிவீடு கட்டியவன். எங்கள் சொந்தத்தில் அங்கே மனை வாங்கிய முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். நான் கையால் தொட்ட இரும்பு எதுவும் வீணாய்ப் போனதில்லை. அதனால்தான் அந்தச் செயலாளரும் என்னைத் தேடிப்பிடித்து வந்தார். நடக்க முடியாதவர்களும் படுத்த படுக்கையானவர்களுமாக இருக்கிற இல்லம், தினம் வெந்நீர் வைத்து மாளவில்லை, ஒரு பாய்லர் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டோரம், ஓடாமல் நின்றுபோன ஒரு ஜவ்வரிசி மில் கட்டிடத்தில் அந்த இல்லம் நடந்தது. மாவு காயவைத்த களத்தில் வேட்டியும் சேலையும் காய்ந்துகொண்டிருந்தன. பெற்றவர்களை அப்படி ஓர் இடத்தில் விடுவது என்பதே அப்போது நம் பக்கத்தில் காதும் காதும் வைத்த மாதிரி நடக்கிற காரியம். கேட்டால் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள்.

அந்தம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இல்லத்தில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பதே சந்தேகம். படுத்திருப்பவர்களுக்கு அவர் தண்ணிக்கார அம்மா. செயலாளருக்கு 'ஏம்மா'. எனக்கு அந்தம்மா.

கிழவரைத் துவட்டி வெளியே அனுப்பிவிட்டு, அந்தம்மா அடுப்போரம் நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏம்மா, அவரு எதுக்கு உன்ற தலைல ஊத்தறாரு?"

"ஏனுங்க, உங்களுக்கும் ஒரு சொம்பு வேணுங்களா?"

செயலாளர் பல்லைக் கடித்தார். அந்தம்மா சிரித்துவிட்டு, அண்டாவில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்தவங்க கையால சும்மா தண்ணி வாத்துக்கறது ஆருங்க? பொறந்த கொழந்த. அத உட்டாப் பொணம். இவிய ரண்டுமில்லீங்களே. அதான், மொதச் சொம்ப அவிய எனக்கு ஊத்தறாங்க. பொறகு நான் அவியளுக்கு ஊத்தறேன். குடுத்து வாங்கியாச்சுன்னா ஆருக்கும் தலகுனிவு இல்ல பாருங்க."

"குனியறது நீயாச்சே" என்றேன்.

"எனக்கென்னங்க, பொறகு நிமிந்துக்குவேன். அவியளால முடியாதே."

பேச்சில் என்னை மடக்கியவர்கள் குறைவு. அதில் ஒருவர் இந்தம்மா.

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பேச்சு உடனே புரியும். கல்யாணத்துக்கு ஒரு வீட்டில் செய்ததை மறு கல்யாணத்தில் திருப்பிச் செய்யாவிட்டால் அந்த வாசலில் காலை வைக்க மாட்டோம். வாங்கிவிட்டுச் சும்மா இருப்பது மாதிரி வெட்கக்கேடு வேறில்லை. அப்படியே வளர்ந்து, அப்படியே வாழ்ந்து, ஒரு நாள் கைகால் விழுந்து, முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் துணியில்லாமல் உட்கார நேர்ந்தால் மனுசன் என்ன ஆவான்? ஆனால் இதற்கு இப்படி ஒரு வழி உண்டு என்று அந்தம்மாவைத் தவிர யாருக்குத் தோன்றும்? அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் அதிர்ச்சி.

பாய்லரை நான் நின்று செய்தேன். தடித்த தகடு, நடுவில் புகைக்குழாய், அடியில் விறகும் போடலாம், கடலைத் தொலியும் போடலாம். அதோடு விடவில்லை. சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றையும் செய்தேன். இரும்புச் சட்டம், உட்காரும் இடத்திலும் முதுகிலும் பிளாஸ்டிக் வயர் பின்னல், மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை. தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடும், புண் உள்ள உடம்புக்கும் உறுத்தாது. அந்த யோசனை முழுக்க என்னுடையது. சேலம் ஜில்லாவில் அப்போது அப்படி ஒரு நாற்காலி வேறு எங்கேயும் இருந்திருக்காது.

பாய்லரைப் பற்றவைக்கிற நாளில் இல்லத்தின் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். நான் வெள்ளை டெரிகாட்டன் சட்டை, கழுத்தில் மாலை. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தம்மா மட்டும் தட்டவில்லை. வலது கை மட்டும் விளங்குகிற ஓர் ஆயாக் கிழவியை நாற்காலியில் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"மொதலாளி, கொஞ்சம் குனியுங்க."

"எதுக்கு?"

"பாய்லரு குடுத்தீங்க, நாக்காலி குடுத்தீங்க. இவிய உங்களுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்களா? வெறுமனே வாங்கீட்டா இவியளுக்கு இந்தத் தண்ணி மேல படுமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா சொம்பைத் தூக்கிவிட்டார். "கண்ண மூடிக்க சாமி" என்று ஒரு குரல். அவ்வளவுதான். மாலை, சட்டை, உள்ளே பனியன், எல்லாம் நனைந்து நான் நிற்கிறேன். செயலாளர் கத்துகிறார். பெரிய மனிதர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் லாரி ஷெட்டில் என் முன்னால் உட்காரக்கூட ஆட்கள் பயப்படுவார்கள்.

ஆனால் அந்த ஆயாவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் நிறைந்த கையோடு செய்முறை செய்துவிட்டு நிமிர்கிறவள் முகம் அது. துண்டை வாங்கித் துவட்டிக்கொண்டேன். தண்ணீர் நல்ல பதமாக விளாவியிருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அதன்பின் அங்கே போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து நாமக்கல் பட்டறைக்குப் போகிற வழிதான். காரை நிறுத்தி, பாய்லர் ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். அந்தம்மாவிடம் எப்போதும், தேய்த்துக் குளிப்பாட்டுகிற அரப்புப் பொடியின் வாசம் அடிக்கும். காலையிலிருந்து மதியம் வரைக்கும் ஈரச் சேலைதான். ஒவ்வொருவர் கையாலும் ஒரு சொம்பு வாங்கினால் எப்படிக் காயும்? தும்மல் வந்தால், "ஆரோ என்னைய நெனைக்கறாங்க. நெனைக்கட்டும், அதையும் ஓசியில நெனைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்பார்.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். அடுப்புக்கு முதுகைக் காட்டிச் சேலையைக் காயவைத்தபடி சொன்னார்.

"என்ற மாமியாகிட்டங்க. மவராசி, என்னையப் படுத்தாத பாடில்ல. ஒரு நா வாய் கோணிக் கை விழுந்துபோச்சு. ஊட்டுல வேற ஆருமில்ல. நாந்தான் தண்ணி வாக்கோணும். எங்கையால வாத்துக்க மாட்டேன்னு ஒரே அழும்பு. ஒடம்பு நாறுது. எனக்கு வந்த ஆத்தரத்துல சொம்பை அவிய கைல குடுத்து, இந்தாங்கத்தே, ஆச தீர எந்தலைலயே ஊத்துங்கன்னு ஒக்காந்துட்டனுங்க."

"ஊத்துனாங்களா?"

"ஊத்துனாங்களாவா! சொம்பாலேயே ரண்டு போட்டுப்போட்டுல்ல ஊத்துனாங்க! பொறகு பச்சப்புள்ளையாட்டம் முதுகக் காட்டுனாங்க."

இதைச் சொல்லிவிட்டு அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பிடிவாதத்தின் மறுபக்கத்தையும் நான் பார்த்திருந்தேன். முதல் சொம்பு கிடைக்காமல் அந்தம்மா யாருக்கும் தண்ணீர் வார்க்க மாட்டார். புதிதாக வந்த ஒரு கிழவி சொம்பைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, அந்தம்மாவும் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். விளாவிய தண்ணீர் ஆறும், மறுபடி விளாவுவார், மறுபடி ஆறும். மற்றவர்களெல்லாம் காத்துக் கிடக்கிறார்கள். செயலாளர் திட்டித் தீர்த்துவிட்டார். அந்தம்மா அசையவில்லை. உச்சி வெயிலுக்குத்தான் கிழவி சொம்பைத் தொட்டாள்.

இன்னொரு கிழவர், நினைவு தடுமாறுகிறவர், விளாவாத கொதிநீரில் சொம்பை முக்கி ஊற்றிவிட்டார். அந்தம்மாவின் பிடரி கொப்புளித்துப் போயிற்று. மறுநாள் நான் போனபோது கழுத்தில் மருந்தைத் தடவிக்கொண்டு அதே கிழவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்!

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"நேத்துக் குடுத்தது கொஞ்சம் அதிகமாப் போச்சுங்க. அதுக்காக இன்னைக்கிக் குடுக்காம இருப்பாருங்களா?"

இப்படிப்பட்டவரிடம்தான் பண்ணாடி வந்து சேர்ந்தார்.

பண்ணாடி என்பது தோட்டத்து ஆட்கள் பெரிய நிலக்காரரை அழைக்கிற அழைப்பு. இவர் ராசிபுரத்துப் பக்கம் நிலமும் கிணறும் லாரிகளும் வைத்திருந்தவர். நான் கிளீனராக ஏறிய முதல் லாரி அவருடையதுதான். டிராக்டர் கவிழ்ந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. மகன்கள் காரில் கொண்டுவந்து, "வைத்தியத்துக்கு" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்தக் கார் வரவில்லை.

நான் அவரைக் கட்டிலில் பார்த்தேன். ரோட்டில் அவர் நடந்துவந்தால் டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த ஆள் ஒரு கோணிப்பை போலக் கிடக்கிறார். அவர் என்னைப் பார்த்தார்.

"டேய் கிளீனரு. நீ எங்கடா இங்க?"

அத்தனை லாரிக்கு முதலாளியாகி நிற்கிறேன். 'கிளீனரு' என்றதும் கை தானாகக் கட்டிக்கொண்டது. என்ன செய்ய?

பண்ணாடியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். தண்ணீர் விஷயத்தில் அவர் கடுமையான ஆள். அவர் வீட்டுத் தண்ணீரை எங்களைப் போன்றவர்கள் குனிந்து, குவித்த கையில்தான் வாங்கிக் குடிப்போம். அவரோ, தனக்குச் சமமில்லாதவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் தொட்டதில்லை. வெயில் காலத்தில் நாக்கு வறண்டு வந்தாலும் வீடு வந்துதான் குடிப்பார். அந்தம்மா எந்தச் சாதி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பண்ணாடி வந்த அன்றைக்கே சமையல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சமையல்காரர் அவருடைய சாதிக்காரர். சோறும் தண்ணீரும் அவர் கையால் மட்டும்தான். "அந்தப் பொம்பள கை எம்மேல படக்கூடாது" என்று பண்ணாடி சொல்லிவிட்டார்.

சமையல்காரருக்கு இடுப்பு வலி, ஆளைத் தூக்க முடியாது. அதனால் இல்லத்து ஆட்கள் இருவர் ஒரு காலையில் பண்ணாடியைத் தூக்கிக்கொண்டுபோய், உட்காரவைக்கிற சிரமம் எதற்கு என்று, சிமெண்டுத் திண்டில் படுக்கப்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்கள். செய்யக் கூடாத காரியம். பண்ணாடி போட்ட கூச்சல் ரோட்டுக்குக் கேட்டது.

"டேய்! என்னையப் பொணமாக்கறீங்களாடா! உசுரோட இருக்கறவனப் படுக்கப்போட்டுத் தண்ணி வாக்கறீங்களேடா!"

நம் பக்கத்தில் படுக்கவைத்து ஒருவருக்குத் தண்ணீர் வார்ப்பது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு பேரும் பயந்து, ஈரத்தோடு அப்படியே கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர் பக்கமே வரவில்லை.

நாட்கள் ஓடின. முதுகில் புண் வைத்தது. பார்க்க வந்த டாக்டர், தினம் வெந்நீரில் கழுவி உலர்த்தாவிட்டால் சீழ் ரத்தத்தில் ஏறிவிடும், ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார். நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் முறையிட்டார்கள். செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மகன்களுக்குத் தந்தி கொடுத்தாச்சு சார், பதில் இல்லை. இவர் ஒத்துழைக்கவில்லை என்றால் நான் எங்கே வைத்துக்கொள்ள? நீங்களாவது அந்தம்மாவிடம் சொல்லுங்க. பிடித்துக் கட்டியாவது ஊற்றச் சொல்லுங்க."

சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டினார்.

"அவரு ஊத்தாம நான் ஊத்த மாட்டனுங்க."

"அவரு எதைக் கொண்டு ஊத்துவாரு? ரண்டு கையும் செத்துக் கெடக்குது!" என்றேன். "சொம்ப அவரு கைல கட்டி, நீயே தூக்கி ஊத்திக்க. ஆரு பாக்கறா?"

"அது நான் ஊத்திக்கிட்டதுங்க. அவரு ஊத்துனதாகுமா?"

"ஆளு செத்துருவாரும்மா!"

"தெரியுமுங்க" என்றார் அந்தம்மா. முகத்தில் சிரிப்பில்லை. "படுக்கப்போட்டு ஊத்துனப்பவே பாதிச் செத்துட்டாரு. நானும் புடிச்சுக் கட்டி ஊத்துனா மீதியும் போயிருமுங்க. பொறகு புண்ணு ஆறி என்னத்துக்கு?"

எனக்கு அந்தம்மாவின் மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது. ஒரு மனுசன் அழுகிக்கொண்டிருக்கிறான், இந்தம்மா தன் கணக்கைப் பேசுகிறாரே என்று.

மறுநாள் காலையில் மற்ற எல்லோருக்கும் முன்பாக, பண்ணாடியை என் நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டை மாட்டிக் குளியல் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். நான், செயலாளர், சமையல்காரர், மூன்று பேரும் கூடவே இருந்தோம். பண்ணாடி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தம்மா தண்ணீரை விளாவி வைத்துவிட்டு, அவர் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராக முகம்.

"பண்ணாடி, நான் உங்களத் தொடலீங்க. நீங்க மொதல்ல குடுக்கோணும். பொறகுதான் நான்."

"என்ன குடுக்கோணும்? உனக்கு என்னடி குடுக்கோணும்?"

"உங்களால முடிஞ்சதுங்க."

பண்ணாடி துப்பினார்.

நேராக முகத்தில். கண்ணுக்குக் கீழே விழுந்து கன்னத்தில் வழிந்தது.

சமையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் கை ஓங்கிவிட்டது. கிளீனராவது, முதலாளியாவது, அந்தக் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அந்தம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆச்சுங்க" என்றார். "பண்ணாடி குடுத்துட்டாரு. இனி என்ற முறை."

பண்ணாடியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தான் கொடுத்தது என்ன, அதை இவள் எப்படி வாங்கிக்கொண்டாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. எனக்கு மட்டும் விளங்கியதா? அந்தம்மா தோளிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிட்டு, புண்ணைச் சுற்றிக் கழுவி, அரப்புத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தார். சாதாரணமாக எல்லோரிடமும் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டே செய்தார்.

"மழையே காணோமுங்க பண்ணாடி. கெணத்துல தண்ணி எப்புடி இருக்குமோ?"



அடுத்த நாளும் அதேதான். அந்தம்மா முகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டுவார். அவர் துப்புவார். துடைத்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்பார். புண் காயத் தொடங்கியது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். செயலாளருக்கு நிம்மதி. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைக்கு ரோசமே கெடையாதுங்களா?" என்று கேட்டாள். இருக்கிற ரோசத்தையெல்லாம் அடுத்தவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

போகப் போகப் பண்ணாடி துப்புவது மாறியது. வேகம் குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு துப்பினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள்பக்கம் விழுகிற மாதிரி துப்பினார். "மேல பட்டுச்சுங்க, கணக்குத்தான்" என்பார் அந்தம்மா.

கடைசியாக ஒரு காலை. மார்கழிக் குளிர். நான் பாய்லரின் கதவைத் திறந்து கடலைத் தொலியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தம்மா வழக்கம்போல் எதிரே உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். பண்ணாடி வாயை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அசைத்தார்.

"வாய் காஞ்சு கெடக்குது" என்றார்.

சமையல்காரரைத் தேடினோம். சந்தைக்குப் போயிருந்தார். அந்தம்மா விளாவி வைத்திருந்த வெந்நீரில் ஒரு சொம்பு எடுத்து, பண்ணாடியின் உதட்டருகே கொண்டுபோனார்.

"வாயில புடிச்சுக் கொப்புளிச்சு எம்மேல துப்பிருங்க பண்ணாடி. குடிக்க வேண்டாம். அவ்வளவுதான்."

பண்ணாடி சொம்பைப் பார்த்தார். பிடித்திருக்கிற கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பற்றி அவர் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உதட்டைத் திறந்தார். அந்தம்மா சொம்பைச் சாய்த்தார். வாய் நிறைந்து கன்னம் உப்பியது. அந்தம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

பண்ணாடியின் தொண்டைக்குழி ஒரு முறை மேலே ஏறிக் கீழே இறங்கியது.

விழுங்கிவிட்டார்.

அந்தம்மா கண்ணைத் திறந்தார். பண்ணாடியைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். அத்தனை வருசத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்றை அன்றைக்குப் பார்த்தேன். வழி தெரியாமல் நடுரோட்டில் நிற்கிறவர் முகம். என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க... முழுங்கீட்டாருங்களே. எனக்கு ஒண்ணும் குடுக்காம, எங்கிட்டயே வாங்கீட்டாருங்களே. இப்ப நான் என்னுங்க பண்றது?"

என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை அந்தம்மா. கேட்ட அன்றைக்கு என்னிடம் யோசனை இல்லை. நான் கரிக்கையோடு நின்றேன்.

பண்ணாடிதான் பேசினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"தல மேல ஊத்து, சாமி. கீழ எங்கியும் எனக்குச் சூடு தெரியறதில்ல."

அந்தம்மா எழுந்து, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்து விளாவினார். யாரிடமும் முதல் சொம்பு வாங்காமல், அவர் தலையில் ஊற்றத் தொடங்கினார்.